ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி ஒரு "டப்": என் ரோபோ மொத்தமும் போய்விட்டதா?

மின்மினி | சனி, இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். அழாத குறையாக எழுதுகிறேன்.

தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் ரோபோ ஒன்றை இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை கல்லூரியில் கண்காட்சி. நேற்று வரை சமர்த்தாக ஓடியது. இன்று மாலை மோட்டார் டிரைவர் போர்டில் பேட்டரி வயர் லூஸாக இருந்ததால் டெர்மினல் ஸ்க்ரூவை முறுக்கினேன். ஸ்விட்சை அணைக்கவில்லை. (தெரியும், தெரியும்.) கை வழுக்கி "டப்" என்று ஒரு பொறி. அப்புறம் நூல் மாதிரி கொஞ்சம் புகை, பிளாஸ்டிக் கருகிய வாடை. பேட்டரியைப் பிடுங்கிவிட்டேன்.

உள்ளே இருப்பவை: கட்டளை கொடுக்கும் சின்னக் கணினியான ஆர்டுயினோ யூனோவின் நகல் போர்டு (பெரிய ஐசி, அதாவது சிப், சாக்கெட்டில் செருகிய வகை), மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் பி.ஓ. மோட்டார் (கியர் வைத்த சின்ன மோட்டார்) இரண்டு, 18650 லித்தியம் செல் இரண்டு சீரீஸில், கோட்டைப் பார்க்க அடியில் மூன்று ஐஆர் சென்சார், தூரம் அளக்க முன்னால் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். யூனோவுக்கு 5 வோல்ட் போவது மோட்டார் டிரைவரின் 5 வோல்ட் டெர்மினலிலிருந்து.

இப்போது பேட்டரி கொடுத்தால் டிரைவர் போர்டின் சிவப்பு எல்இடி மங்கலாக மினுங்குகிறது. யூனோவில் ஒரு விளக்கும் இல்லை. லேப்டாப்பில் செருகினால் யுஎஸ்பி அதிக மின்சாரம் இழுக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது. மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து எங்கே தொட்டாலும் பீப் அடிக்கிறது. எல்லாமே ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதுதானா?

செல்லாத நோட்டு | சனி, இரவு 10:05

வாங்கிவிடுங்கள். நகல் யூனோவும் எல்298என்னும் இரண்டு பேர் ஓட்டலில் பிரியாணி சாப்பிடும் செலவுக்குள் வந்துவிடும். கையில் இருப்பது ஆறு நாள். அதில் மூன்று நாளைப் புகை வந்த போர்டோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

பழைய ரேடியோ | சனி, இரவு 10:31

தம்பி, முதலில் லேப்டாப்பில் செருகுவதை நிறுத்துங்கள். யூனோவில் யுஎஸ்பி வழியாக வரும் மின்சாரத்துக்கு 500 மில்லி ஆம்பியர் ரீசெட் ஃபியூஸ் (ஆறியதும் தானே சரியாகிவிடும் வகை) ஒன்று இருக்கும். நகல் போர்டுகளில் சிலர் அந்த இடத்தில் என்ன வைக்கிறார்களோ! போர்டு போனால் நூற்றுக்கணக்கில் போகும், லேப்டாப்பின் போர்ட் போனால் ஆயிரக்கணக்கில் போகும். கட்டாயம் யுஎஸ்பியில்தான் பார்க்க வேண்டும் என்றால் பழைய போன் சார்ஜரில் செருகிப் பாருங்கள்.

வாங்குவது பற்றி: வாங்கலாம். ஆனால் எது போனது என்று தெரியாமல் புது போர்டை அதே வயரிங்கில் மாட்டினால், செத்துப்போன சென்சார் ஒன்று புது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கடையில் எத்தனை பேர் ஒரே வாரத்தில் இரண்டு முறை வந்து நின்றார்கள் தெரியுமா?

எதிலிருந்து எதற்குப் பொறி அடித்தது? அதைச் சொல்லுங்கள்.

மின்மினி | சனி, இரவு 10:40

தம்பி இல்லை சார், தங்கை :)

ஸ்க்ரூ டிரைவர் பேட்டரி பிளஸ் டெர்மினலில் இருந்தது. பக்கத்து டெர்மினல் கிரவுண்ட் (மைனஸ்). அதில் பட்டிருக்கும். பேட்டரி ஷார்ட்.

டபுள் ஸ்டாண்டு | சனி, இரவு 11:12

பேட்டரி ஷார்ட் என்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் செல்லைப் பாருங்கள். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத 18650 நேராக ஷார்ட் ஆனால் பத்துக்கணக்கான ஆம்பியர் தள்ளும். ஹோல்டரிலிருந்து கழற்றி, தீப்பிடிக்காத இடத்தில், ஒரு மண் சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்துக்குள் ஓடு வைத்தோ, தனித்தனியாக வையுங்கள். மேல் உறை கிழிந்திருக்கிறதா, பிளஸ் முனையைச் சுற்றியுள்ள காகித வளையம் கருகியிருக்கிறதா, இனிப்பு கலந்த மாதிரி ஒரு கெமிக்கல் வாடை வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்தச் செல்லை இனி சார்ஜ் போடவே போடாதீர்கள். ஹோல்டரின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். பெரிய கரண்ட் போயிருந்தால் ஸ்பிரிங் நீலம் பாய்ந்து தளர்ந்திருக்கும், அடியில் பிளாஸ்டிக் இளகியிருக்கும்.

இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் இரண்டின் வோல்டேஜையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஓம்விதி | ஞாயிறு, காலை 7:20

பீப் பற்றி ஒரு விஷயம். பீப் அடிப்பதெல்லாம் ஷார்ட் இல்லை. பல மீட்டர்கள் 30, 50 ஓம்ஸுக்குக் கீழே எது வந்தாலும் பீப் அடிக்கும். பி.ஓ. மோட்டாரின் சுருளே சில ஓம்ஸ்தான். மோட்டாரின் இரண்டு முனையில் பீப் அடித்தால் சுருள் அறுந்துபோகவில்லை என்றுதான் அர்த்தம்.

மீட்டரை 200 ஓம்ஸ் ரேஞ்சில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது மீட்டர் வயரின் சொந்த எதிர்ப்பு, அதைக் கழிக்க வேண்டும். அப்புறம் பேட்டரி, யுஎஸ்பி எதுவும் இல்லாமல், யூனோவின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே எவ்வளவு?

பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அல்ட்ராசோனிக், அளவு. ஐஆர் சென்சார்கள், அளவு. டிரைவரிலிருந்து வரும் 5 வோல்ட் வயர், அளவு. கடைசியில் சாக்கெட்டிலிருந்து யூனோவின் மூளையான ஏடி-மெகா 328 ஐசி. எதைக் கழற்றும்போது எண் ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. ஒரே நேரத்தில் இரண்டைக் கழற்றிவிடாதீர்கள்.

மின்மினி | ஞாயிறு, காலை 11:45

செல்: 4.02, 4.01 வோல்ட். உறை, வளையம், ஸ்பிரிங் எல்லாம் புதுசு மாதிரி இருக்கின்றன. வாடையும் இல்லை.

மீட்டர் வயர் மட்டும்: 0.4 ஓம்ஸ்.
எல்லாம் மாட்டியபடி 5 வோல்ட் – கிரவுண்ட்: 2.9.
அல்ட்ராசோனிக் கழற்றினால்: 2.9.
மூன்று ஐஆரும் கழற்றினால்: 2.9. (ஒவ்வொன்றாகத்தான் கழற்றினேன்.)
டிரைவர் வயரைப் பிடுங்கினால்: யூனோவில் 2.9. டிரைவர் பக்கம் தனியாக அளந்தால் 200 ஓம்ஸ் ரேஞ்சைத் தாண்டிப் போகிறது.

ஆக யூனோதான். ஐசியைப் பேனாக்கத்தியால் நெம்பியதில் இரண்டு கால் வளைந்துவிட்டது, டுவீசரால் நிமிர்த்திவிட்டேன். ஐசி இல்லாத வெறும் சாக்கெட்டோடு மறுபடி அளந்தேன்.

2.9.

கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செல்லாத நோட்டு | ஞாயிறு, மதியம் 12:02

பிரியாணி ஆறுகிறது.

ஓம்விதி | ஞாயிறு, மதியம் 12:50

ஐசி இல்லாமலும் 2.9 என்றால் மகிழ்ச்சியான செய்திதான். ஐசி பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. பேட்டரி பிளஸும் கிரவுண்டும் மட்டும் தொட்டிருந்தால் பேட்டரி வோல்டேஜ் அந்தக் கணத்தில் தரைக்கு இறங்கும், அவ்வளவுதான். 5 வோல்ட் பக்கம் ஒன்றும் சாகக் கூடாது. விளக்கு அணைந்து மறுபடி எரிந்திருக்க வேண்டும். செல்லும் ஸ்பிரிங்கும் புதுசு மாதிரி இருக்கின்றன என்கிறீர்கள். ஷார்ட் ஆகியிருப்பதோ 5 வோல்ட் பக்கம். கணக்கு உதைக்கிறது.

பழைய ரேடியோ | ஞாயிறு, மதியம் 1:15

அம்மா மின்மினி, ஒரு பூதக்கண்ணாடி எடுத்து அந்த ஸ்க்ரூ டிரைவரையும் டெர்மினலையும் பாருங்கள். பொறி அடித்த இடத்தில் உலோகம் கட்டாயம் உருகியிருக்கும். அது கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கினாலும் போதும்.

மின்மினி | ஞாயிறு, மாலை 4:30

சார், நீங்கள் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு.

டெர்மினல் வரிசை: பேட்டரி பிளஸ், கிரவுண்ட், 5 வோல்ட். பிளஸ் ஸ்க்ரூவின் தலை ஓரத்தில் கடுகு அளவு கறுப்புக் குழி. 5 வோல்ட் ஸ்க்ரூவின் தலையிலும் அதே மாதிரி ஒன்று. நடுவில் இருக்கும் கிரவுண்ட் ஸ்க்ரூ பளபளவென்று இருக்கிறது. அதை முதல் நாளே இறுக்கமாக முறுக்கியிருந்தேன், மற்ற இரண்டையும் விட ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் கம்பியில் இரண்டு சின்னத் தழும்பு. ஸ்கேல் வைத்தேன், நடுவே சரியாக 1 செ.மீ. முதல் ஸ்க்ரூவுக்கும் மூன்றாவதுக்கும் இடைவெளியும் அதேதான்.

கம்பி சாய்ந்து படுத்து, நடுவில் இருப்பதைத் தொடாமல், முதலையும் மூன்றாவதையும் சேர்த்திருக்கிறது.

ஓம்விதி | ஞாயிறு, மாலை 5:05

அப்படியானால் இது பேட்டரி ஷார்ட்டே இல்லை. 8 வோல்ட் நேராக 5 வோல்ட் லைனில் ஏறியிருக்கிறது. இப்போது எல்லாம் பொருந்துகிறது.

அந்த லைனில் உட்கார்ந்திருந்தவர்களை வரிசையாகப் பார்ப்போம். ஏடி-மெகா 328: தாங்கும் உச்ச வரம்பு 6 வோல்ட். எல்298 ஐசியின் லாஜிக் பக்கம் (கட்டளை வாங்கும் பக்கம்): 7 வோல்ட். ஐஆர் சென்சார் போர்டில் இருப்பது எல்எம்393 கம்பேரேட்டர் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் ஐசி) என்றால் அது 36 வோல்ட் வரை அசையாது, அதனால் அவை பெரும்பாலும் பிழைத்திருக்கும். அல்ட்ராசோனிக் 5 வோல்ட்டுக்கே பிறந்தது, அதன் மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். போர்டில் 5 வோல்ட் வாங்கும் இன்னொரு ஆள் யுஎஸ்பி ஐசி. உங்கள் நகல் போர்டில் யுஎஸ்பி சாக்கெட் பக்கத்தில் 16 கால் உள்ள ஐசி இருக்கிறதா? மேலே சிஎச்340 என்று எழுதியிருக்கும். என் பந்தயம் அதன் மேல்தான்.

மின்மினி | ஞாயிறு, மாலை 5:20

ஆமாம், சிஎச்340ஜி. மேலே வெடிப்பு, கறுப்பு எதுவும் தெரியவில்லை. எப்படி உறுதி செய்வது? ஐசியைப் பிடுங்கிவிட்டு அது இல்லை என்று தெரிந்தால் அசிங்கமாகிவிடும்.

பழைய ரேடியோ | ஞாயிறு, இரவு 8:10

கரண்ட் கொடுத்துப் பாருங்கள், எது சுடுகிறதோ அது. டிவி வேலையில் சீரீஸ் பல்பு என்று வைத்திருப்போம். செட்டுக்கு நேராக கரண்ட் கொடுக்காமல் நடுவில் ஒரு குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், செட் பிழைக்கும். உங்களுக்கு பைக் இண்டிகேட்டர் பல்பு போதும், 12 வோல்ட் 10 வாட். பேட்டரி பிளஸிலிருந்து பல்பு, பல்பிலிருந்து போர்டின் 5 வோல்ட். அதிகபட்சம் முக்கால் ஆம்பியருக்கு மேல் போகாது.

ஓம்விதி | ஞாயிறு, இரவு 8:42

சார், மன்னிக்கவும், இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 5 வோல்ட் லைனில் பல்பு வழியாக 8 வோல்ட் கொடுக்கும்போது, ஷார்ட் ஆன ஐசி சூட்டில் திடீரென்று உள்ளே அறுந்து, ஷார்ட் விலகிவிட்டால்? இழுக்க ஆள் இல்லாததால் பல்பில் வோல்டேஜ் விழாது. முழு 8 வோல்ட்டும் மறுபடி அதே லைனில் ஏறும். முதல் விபத்தை நாமே கையால் திரும்பச் செய்த மாதிரி.

பழைய ரேடியோ | ஞாயிறு, இரவு 9:15

சரிதான். ஏசி செட்டின் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். பல்பை வைத்துக்கொள்ளுங்கள், சரி செய்த பிறகு முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது வேண்டும். இப்போதைக்கு லேப் பவர் சப்ளை இருந்தால் 1 வோல்ட்டில் வைத்துக் கொடுக்கலாம். இருக்கிறதா?

மின்மினி | ஞாயிறு, இரவு 9:20

கல்லூரி லேப்பில் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் செவ்வாய்தான் வருவார்.

ஓம்விதி | ஞாயிறு, இரவு 9:34

வேண்டவே வேண்டாம். சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒரு பென்சில் பேட்டரியைக் கழற்றுங்கள். 1.5 வோல்ட். அதற்கு மேல் அதனால் போகவே முடியாது, ஆகவே எந்த ஐசிக்கும் ஆபத்தில்லை. உங்கள் ஷார்ட் சுமார் இரண்டரை ஓம்ஸ். நல்ல அல்கலைன் செல் என்றால் அரை ஆம்பியர் போல ஓடும், அந்தச் சின்ன ஐசிக்குள் அரை வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். ஏடி-மெகா ஐசியை சாக்கெட்டில் போடாதீர்கள். பிளஸ் 5 வோல்ட் பின்னில், மைனஸ் கிரவுண்டில். திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பத்து வினாடி.

ஊசி போடும்போது தடவுவார்களே ஸ்பிரிட், அதைப் பஞ்சில் தொட்டு போர்டு மேல் மெல்லிசாகப் பூசிக்கொண்டு கரண்ட் கொடுங்கள். முதலில் காயும் இடம்தான் இடம். பக்கத்தில் விளக்கு, அடுப்பு, சால்டரிங் அயர்ன் எதுவும் இருக்கக் கூடாது.

பனைமரம் | ஞாயிறு, இரவு 10:50

யாழ்ப்பாணத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பிரிட் இல்லாவிட்டால் ஏடிஎம் துண்டுச் சீட்டைப் பாவித்துப் பாருங்கோ. அது சூடு பட்டால் கறுக்கும் தாள். வழுவழுப்பான பக்கத்தை ஐசியின் மேல் வைத்து அழிறப்பரால் அமத்திப் பிடித்தால், சுடுகிற ஐசியின் படம் அதில் விழும். நான் இப்படித்தான் ட்ரோன் போர்டு ஒன்றில் பிடித்தனான்.

மின்மினி | திங்கள், மாலை 6:15

வீட்டில் கடிகாரம் நின்றுவிட்டது என்று பாட்டி திட்டிக்கொண்டிருக்கிறார். பரவாயில்லை.

ஸ்பிரிட் பூசினேன். போர்டு முழுக்க ஈரம் மினுமினுத்தது. பேட்டரியைத் தொட்டதும் மூன்றாவது வினாடியில் சிஎச்340-இன் ஒரு மூலையில் மட்டும் வட்டமாக உலர்ந்தது. மற்ற இடமெல்லாம் ஈரமாகவே இருந்தது. நம்ப முடியாமல் ஸ்பிரிட் முழுக்க காயும்வரை காத்திருந்து, ஏடிஎம் சீட்டையும் வைத்தேன். இருபது வினாடியில் மிளகு அளவு பழுப்புப் புள்ளி, ஐசியின் நடுவில் இல்லை, கொஞ்சம் தள்ளி. சீட்டில் "இருப்பு" என்ற சொல்லுக்கு மேலேயே விழுந்திருக்கிறது.

பந்தயத்தில் ஜெயித்தவருக்கு வாழ்த்துகள்.

ஓம்விதி | திங்கள், மாலை 6:40

அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் :)

ஐசியை முழுதாகக் கழற்றும் முன் ஒரே ஒரு காலை மட்டும் தூக்குங்கள். சிஎச்340ஜி-யில் 16-ஆவது கால் பிளஸ். ஐசியின் மேல் குழி போட்டிருக்கும் மூலையில் இருப்பது 1, அதற்கு நேர் எதிரே அதே முனையில் இருப்பது 16. சால்டரிங் அயர்னால் அதன் ஈயத்தை உருக்கியபடி ஊசியால் லேசாக நெம்புங்கள். அளந்து பாருங்கள். எண் ஏறினால் மீதிக் கால்களையும் வெட்டி எடுத்துவிடலாம். இரண்டும் மூன்றும் முக்கியம். அவை ஏடி-மெகாவோடு பேசும் கால்கள். செத்த ஐசியின் கால் அந்த லைனில் தொங்கிக்கொண்டிருந்தால் புரோகிராம் ஏற்றும்போது தகராறு செய்யும்.

பழைய ரேடியோ | திங்கள், இரவு 7:30

ஹாட் ஏர் (சூடான காற்றால் ஈயத்தை உருக்கும் கருவி) இல்லாதவர்களுக்கு: புது பிளேடால் கால்களை ஐசியின் உடம்பை ஒட்டி ஒவ்வொன்றாக, அழுத்தாமல், பத்துத் தடவை கீறுவது போல வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் பிளேடு கீழே இறங்கி டிராக்கை (போர்டின் செம்புக் கோட்டை) அறுத்துவிடும். அப்புறம் உடம்பைத் தூக்கிவிட்டு, மிச்சமிருக்கும் கால்களை அயர்ன் முனையால் துடைத்து எடுங்கள். நெம்பி மட்டும் எடுக்காதீர்கள், பேடு (கால் ஒட்டியிருக்கும் செம்புத் தகடு) பிய்ந்துகொண்டு வரும்.

மின்மினி | திங்கள், இரவு 9:58

16-ஆவது காலைத் தூக்கினேன். 200 ஓம்ஸ் ரேஞ்சில் எண்ணே வரவில்லை. ரேஞ்சை மாற்றினால் கிலோ ஓம்ஸ் கணக்கில் காட்டுகிறது. கத்திவிட்டேன். பாட்டி மறுபடி திட்டினார்.

ஐசி முழுதும் எடுத்தாயிற்று. ஒரு பேடு மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. ஏடி-மெகாவைச் சாக்கெட்டில் போட்டு, பேட்டரி பிளஸ், இண்டிகேட்டர் பல்பு, வின் பின் (உள்ளே வருவதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டருக்குப் போகும் பின்) என்று கொடுத்தேன். பல்பு எரியவில்லை, போர்டின் பச்சை விளக்கு எரிகிறது! மீட்டரில் 5.02 வோல்ட். பழைய புரோகிராம் உள்ளேயே இருக்கிறது, 13-ஆவது பின்னின் எல்இடி வழக்கம் போல மினுக்குகிறது.

ஆனால் இனி புரோகிராம் எப்படி ஏற்றுவது? யுஎஸ்பி ஐசியே இல்லையே.

ஓம்விதி | திங்கள், இரவு 10:20

யுஎஸ்பி-டிடிஎல் கன்வர்ட்டர் (செத்த யுஎஸ்பி ஐசியின் வேலையை வெளியிலிருந்து செய்யும் சின்ன போர்டு) ஒன்று வாங்குங்கள், டிடிஆர் பின் (புரோகிராம் ஏற்றும்போது யூனோவை ரீசெட் செய்வது) உள்ளதாக. கன்வர்ட்டரின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) யூனோவின் 0-ஆவது பின்னில் (ஆர்எக்ஸ், வாங்கும் பின்), கன்வர்ட்டரின் ஆர்எக்ஸ் யூனோவின் 1-ஆவது பின்னில். கிரவுண்ட் கிரவுண்டோடு. டிடிஆரிலிருந்து ரீசெட் பின்னுக்கு நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், மேலே 104 என்று போட்டிருக்கும் காவிக் கலர் வட்டு. அந்தக் கெபாசிட்டர் இல்லாவிட்டாலும் முடியும். "அப்லோடிங்" என்று திரையில் வரும் அந்த நொடியில் ரீசெட் பட்டனைத் தட்ட வேண்டும். நாலு தடவை தவறும், ஐந்தாவது தடவை கை வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 6 வோல்ட் வரம்புள்ள ஐசி 8 வோல்ட்டைப் பார்த்திருக்கிறது. ஓடுகிறது என்பதற்காக முழுதாக நம்பாதீர்கள். எல்லாப் பின்னையும் உள்ளீடாக, உள்ளே இருக்கும் புல்-அப்போடு (சும்மா இருக்கும் பின்னை 1 பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) வைத்து, சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதை லேப்டாப்பில் காட்டும் ஜன்னல்) அச்சிடச் சொல்லுங்கள். சும்மா இருந்தால் 1 வர வேண்டும், 1 கிலோ ஓம்ஸ் வழியாகக் கிரவுண்டைத் தொட்டால் 0. 0, 1 இரண்டையும் விட்டுவிடுங்கள், அவை கன்வர்ட்டரோடு பேசிக்கொண்டிருக்கும். 13-ஐயும் விடுங்கள், அதில் எல்இடி இருக்கிறது.

மின்மினி | செவ்வாய், இரவு 8:05

12-ஆவது பின் எப்போதும் 0. மற்றதெல்லாம் சரி. 12-இல்தான் அல்ட்ராசோனிக்கின் எக்கோ வயர் இருந்தது. அல்ட்ராசோனிக்கும் போய்விட்டது, எவ்வளவு தூரத்தில் கையை வைத்தாலும் 0 காட்டுகிறது. ஐஆர் மூன்றும் பிழைத்துவிட்டன.

புது அல்ட்ராசோனிக்கை 8-ஆவது பின்னுக்கு மாற்றிவிட்டேன். வண்டி ஓடுகிறது. ஆனால் புதுப் பிரச்சினை: இடது சக்கரம் முன்னால் ஓடுகிறது, பின்னால் ஓட மறுக்கிறது. கூர்மையான வளைவில் இடது சக்கரம் பின்னால் சுற்ற வேண்டும், அங்கே வந்ததும் நின்றுவிடுகிறது. டிரைவரின் அலுமினிய ஹீட் சிங்க் தொட முடியாத அளவு சுடுகிறது.

டபுள் ஸ்டாண்டு | செவ்வாய், இரவு 8:30

மோட்டார் வயரை இடது வலது மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிரச்சினை மோட்டாரோடு போனால் மோட்டார், டெர்மினலோடு நின்றால் டிரைவர்.

மின்மினி | செவ்வாய், இரவு 8:41

டெர்மினலோடு நிற்கிறது.

ஓம்விதி | செவ்வாய், இரவு 9:00

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டயோடு மோடில் அளந்து பாருங்கள். சிவப்பு முனை கிரவுண்டில், கறுப்பு முனை ஒவ்வொரு அவுட்டிலும் (மோட்டார் வயர் மாட்டும் டெர்மினல்). போர்டில் இருக்கும் டயோடு வழியாக 0.5, 0.6 போல வர வேண்டும். எதாவது ஒரு அவுட்டில் இரண்டு பக்கமும் 0.00 என்றால், அந்தக் காலின் கீழ் டிரான்சிஸ்டர் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்னால் போகும்போது அந்தக் கால் எப்படியும் கிரவுண்டில்தான் இருக்க வேண்டும், அதனால் தெரியாது. பின்னால் போகச் சொல்லும்போது மேல் டிரான்சிஸ்டர் திறந்து, நேராகக் கிரவுண்டில் கொட்டும். அதுதான் அந்தச் சூடு.

மின்மினி | செவ்வாய், இரவு 9:12

அவுட் 2. இரண்டு பக்கமும் 0.00. மற்ற மூன்றும் 0.56, 0.57.

செல்லாத நோட்டு | செவ்வாய், இரவு 9:20

இதையாவது வாங்குவீர்களா, இல்லை இதற்கும் கடிகாரத்தைக் கழற்றுவீர்களா?

ஓம்விதி | செவ்வாய், இரவு 9:45

இதை வாங்கத்தான் வேண்டும். ஆனால் மறுபடி எல்298என் வேண்டாம் என்பேன். உள்ளே இருப்பது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர், 1 ஆம்பியர் ஓடினாலே ஏறத்தாழ 2 வோல்ட்டை அதுவே தின்றுவிடும். சின்ன வண்டிக்கு டிபி6612 டிரைவர் போதும். ஒரு மோட்டாருக்கு 1.2 ஆம்பியர் தொடர்ந்து, உச்சத்தில் 3.2 வரை. ஹீட் சிங்க் கூட கிடையாது.

மாற்றும்போது இரண்டு விஷயம். இதில் 5 வோல்ட் வெளியே வராது, ஆகவே பேட்டரியை யூனோவின் வின் பின்னில் கொடுங்கள். உங்கள் சென்சார்களோடு 150 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ரெகுலேட்டரில் அரை வாட் சூடுதான், தாங்கும். இரண்டாவது, எல்298 தின்ற 2 வோல்ட் இனி மோட்டாருக்குப் போகும். 6 வோல்ட் மோட்டாரில் முழு சார்ஜில் 8.4 ஏறும். பிடபிள்யூஎம்மை (புரோகிராமில் மோட்டார் வேகத்தை வைக்கும் எண்) 255-க்குப் பதில் 180-க்குள் வையுங்கள், இல்லாவிட்டால் வண்டி கோட்டைத் தாண்டிப் பாய்ந்துவிடும்.

பழைய ரேடியோ | செவ்வாய், இரவு 10:10

எல்298-ஐ இவ்வளவு திட்ட வேண்டாம். எத்தனை பிள்ளைகளின் கை தப்பைத் தாங்கியிருக்கிறது! ஆனால் மாற்றச் சொன்னது சரி. கூடவே பேட்டரி பிளஸ் வயரில், செல் ஹோல்டரை ஒட்டி, 3 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் ஒன்று போடுங்கள். இந்த விபத்தில் அது உங்கள் ஐசியைக் காப்பாற்றியிருக்காது, ஐசி சாகும் வேகம் ஃபியூஸுக்கு வராது. அடுத்த விபத்தில் வீட்டைக் காப்பாற்றும்.

மின்மினி | புதன், இரவு 11:30

டிபி6612 வந்தது. வயரிங் எல்லாம் சரி, மூன்று முறை பார்த்துவிட்டேன். மோட்டார் இரண்டும் அசையவே இல்லை. சூடும் இல்லை, சத்தமும் இல்லை. நாளை மறுநாள் கண்காட்சி.

பனைமரம் | புதன், இரவு 11:38

எஸ்டிபிஒய் (ஸ்டாண்ட்பை, டிரைவரை எழுப்புகிற) பின்னை 5 வோல்ட்டில் குடுத்தீங்களா?

மின்மினி | புதன், இரவு 11:44

அய்யோ. அந்தப் பின் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கொடுத்தேன். இரண்டும் ஓடுகின்றன. முன்னும் பின்னும்.

மின்மினி | வெள்ளி, மாலை 7:10

ஓடியது. சதுரக் கோட்டில் நாலு மூலையிலும் திரும்பியது. ஒரு முறை மட்டும் யாரோ காலணியால் டேப்பைக் கிளப்பிவிட, நேராக முதல்வர் மேசைக்கு அடியில் போய்விட்டது. ஏடிஎம் சீட்டையும் செத்த சிஎச்340-ஐயும் அட்டையில் ஒட்டிப் பக்கத்தில் வைத்திருந்தேன், ரோபோவை விட அதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். 3 ஆம்பியர் ஃபியூஸும் போட்டாயிற்று, ரேடியோ சார்.

பழைய ரேடியோ | வெள்ளி, இரவு 7:25

சந்தோஷம் அம்மா. ஃபியூஸ் மாட்டும்போது ஸ்விட்சை அணைத்திருந்தீர்களா?

மின்மினி | வெள்ளி, இரவு 7:27

இரண்டு செல்லையும் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிட்டு மாட்டினேன் சார்.